கூரையேறிய நீரெலிகள்

எங்கள் ஊர் பனி அரங்கின் கூரையில் எழுபத்தொன்பது சட்டைகள் தொங்குகின்றன. முதல் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டியவன் நான்தான். கழுத்து வலி என்று போனால் மருத்துவர் "மேலே அண்ணாந்து பார்க்காதீங்க" என்கிறார். அண்ணாந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று அவருக்கு யார் சொல்வது? அவருடைய சட்டையும் அங்கேதான் தொங்குகிறது, இருபத்தாறாம் எண். அவர் ஒரு நாள்கூட ஆடியதில்லை. பழைய பயிற்சியாளர் ஒருவருடைய குடல்வாலை நல்லபடியாக வெட்டி எடுத்தார், அதற்காக.

என் பெயர் கிளேட்டன் பிட்லுப்னி. ஊரில் எல்லாருக்கும் பிட்ஸ். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன்மேல் ஏதோ கோபம் என்று அர்த்தம். கெல்வர்டன் நீரெலிகள் என்ற எங்கள் ஜூனியர் அணியின் வரலாற்றை யாராவது எழுத வேண்டும் என்று கமிட்டி வருடா வருடம் தீர்மானம் போடுகிறது. யாரும் எழுதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் பங்கு இதில் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். அணியைத் தொடங்கியபோது ஓநாய்கள் என்று வைக்க நினைத்தார்கள். ஓநாயை ஹார்ட்னல் ஊர்க்காரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டான். கரடி, கழுகு, காட்டெருமை எல்லாம் போய்விட்டன. கூட்டம் நடந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் வெளியே பார்த்தார். அவ்வளவுதான், கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் எலியின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு சண்டைக்குப் போகும் ஒரே அணி ஆகிவிட்டோம்.

கோப்பை என்ற ஒன்றை நாங்கள் தொட்டதே இல்லை. ஹார்ட்னல் அரங்கின் கூரையில் கோப்பை வென்ற வருடங்களை எழுதிய கொடிகள் வரிசையாகத் தொங்கும். எங்கள் கூரை மொட்டையாக இருந்தது. அவர்கள் இங்கே ஆட வரும்போதெல்லாம் மேலே பார்த்து, "ஏம்பா, இன்னும் வெள்ளையடிச்சு முடியலையா?" என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எரிந்துகொண்டு வரும்.

அப்போதுதான் ஓரெஸ்ட் ஹ்னாட்டியூக் என்பவனைப் பெரிய லீக்கில் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஆட்டம். அதிலும் அவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனாலும் பெரிய லீக் பெஞ்சு அல்லவா? பெரிய ஆட்டக்காரன் ஒருவன் போனால் அவன் எண்ணை இனி எவனுக்கும் தராமல், சட்டையைக் கூரையில் கட்டி மரியாதை செய்வது எங்கள் நாட்டு வழக்கம். ஓரெஸ்டின் ஒன்பதைக் கட்டினோம். கூரையில் முதல்முறையாக ஏதோ ஆடியது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அந்த ருசி கண்டுவிட்டோம்.

பிறகு நிற்கவில்லை. கார்த் நிம்சுக் நடுக்களத்திலிருந்து தன் சொந்த வலைக்குள்ளேயே கோல் அடித்தான், அதை தேசம் முழுக்கத் தொலைக்காட்சியில் சிரித்துச் சிரித்துக் காட்டினார்கள். எங்கள் ஊர் பெயரை நாடு முழுக்கச் சொன்னது அந்த ஒரு நாள்தான். கட்டு அவன் சட்டையை. பேருந்து ஓட்டிய எல்மருக்கு நெடுஞ்சாலையின் எண்ணான பதினாறு. நாற்பது நாள் நோன்பின் நினைவாகப் பாதிரியாருக்கு நாற்பது. புதிய ஸ்கோர் பலகை வாங்கிக் கொடுத்த கார் வியாபாரி மெர்வ் ஸ்டாட்னிக்குக்கு ஐந்து. மெர்வ் இப்போது கமிட்டித் தலைவன், பனியில் அவனைக் கைப்பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். டச்சஸ் என்ற நாய் வேலியைத் தாண்டிக் குதித்து, எங்கள் காலி வலைக்குள் போகவிருந்த ரப்பர் வட்டை வாயில் கவ்வியது. நடுவர் அதைக் கோல் இல்லை என்று சொல்லிவிட்டார். டச்சஸுக்கு நாற்பத்துநான்கு.

என்னுடையது பதினேழு. மூன்று பனிக்காலம் தடுப்பாட்டம் ஆடினேன். முன்பற்கள் ஐந்தை அந்தப் பனியிலேயே விட்டேன். எனக்குப் பெரிதாக ஒரு பேரும் இல்லை, ஆனால் என்னைத் தாண்டிப் போனவன் எவனும் நேராக நடந்து போனதில்லை. ஆடும் வயது முடிந்ததும் ஊரை விட்டுப் போகவில்லை, அந்த அரங்கிலேயே பனித்தரையை மெழுகும் வண்டியை ஓட்டும் வேலையில் சேர்ந்தேன். தூக்கு வண்டியில் ஏறிச் சட்டை கட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் கமிட்டி கூடும். ஒவ்வொரு வசந்தத்திலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு கீழே தரை துடைத்துக்கொண்டிருப்பேன். மெர்வ் படியிறங்கி வந்து தோளைத் தட்டுவான்.

"பிட்ஸ், உன்னைப் பத்திப் பேச்சு வந்துச்சுடா. எல்லாருக்கும் சம்மதம்தான்."

"அப்புறம்?"

"ஒரே ஒரு சிக்கல். உன் சட்டையை ஏத்த ஆள் வேணும்ல? அந்த வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். தன் சட்டையைத் தானே ஏத்திக்கிறது மரியாதையா இருக்காது."

"வேற யாருக்காவது கத்துக் குடுக்கறேன்."

"குடு, குடு. அதுக்கு ஒரு சப்-கமிட்டி போடலாம்."

இப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. வெளியே சிரித்துக்கொள்வேன். உள்ளே எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நாயின் சட்டைக்கு முடிச்சுப் போட்ட கை இது.

என் மனைவி ஆர்லீனுக்கு இந்தப் பேச்சே அலுத்துப்போயிற்று. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, உன் கல்லறையிலயாவது பதினேழுன்னு எழுதச் சொல்லவா? இல்ல அதுக்கும் சப்-கமிட்டியா?"

"விடு ஆர்லீன். ஏத்த ஆள் இல்லங்கறாங்க."

"ஆள் இல்லையா? இந்த வீட்டுல கூரையோரத் தண்ணிக் குழாயில அடைச்ச இலையை யார் அள்றா? நீயா?"

அடுத்த வாரமே மாவட்டத் தலைநகருக்குப் போய், தூக்கு வண்டி ஓட்டும் பயிற்சியில் சேர்ந்து, வகுப்பில் இருந்த இளவட்டங்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி உரிமம் வாங்கிக்கொண்டு வந்தாள். அதைக் கமிட்டி அறையின் மேசையில் போட்டாள். அன்றே ஓட்டெடுப்பு நடந்தது. சீசன் தொடங்கும் வெள்ளிக்கிழமை, பதினேழு மேலே போகும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், மெழுகும் வண்டியில் தண்ணீர் ஊற்ற மறந்து வெறும் வண்டியைப் பனிமேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் தெரிந்தது.

சிக்கலைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் காடி. கியூபெக்கிலிருந்து வந்தவர், எங்கள் ஊரை இன்னும் நம்பாதவர். புதிய சட்டைகளுக்குச் சொல்லியனுப்ப உட்கார்ந்தபோது விரல்விட்டு எண்ணியிருக்கிறார். பிறகு கமிட்டி அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். நானும் அங்கே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும்தான் நம்பர் போடலாம்னு லீக் ரூல். சரியா?"

"சரி," என்றான் மெர்வ்.

"அதுல எழுபத்தொம்பதை நீங்க கூரையில கட்டிட்டீங்க. மிச்சம் இருபது. ஒரு டீம்னா இருபது பேர் சட்டை போட்டு நிக்கணும், ஒரு நம்பர் ஒருத்தருக்குத்தான். இருபது நம்பர், இருபது பையன். மயிரிழையில தப்பிச்சிருக்கோம்."

"பார்த்தீங்களா, கடவுள் இருக்காரு," என்றான் மெர்வ்.

"அந்த இருபதுல ஒண்ணு பதினேழு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

லீக் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பூஜ்யம் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. பதினேழரை? அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிப்பை நிறுத்தவே முடியாமல் போனை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் சிரிக்காதவர். இருபது பேர் இல்லாமல் இறங்கினால் அந்த ஆட்டம் தோல்வி. தொடர்ந்து இரண்டாவது ஆட்டமும் அப்படியானால் அணியை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவோம் என்றார்.

"பிட்ஸ்..." என்று இழுத்தான் மெர்வ்.

"ஓட்டுப் போட்டாச்சு," என்றேன். "மேல எழுபத்தொம்பது இருக்கு. யாராவது ஒருத்தர் ஒண்ணை இறக்கட்டும். என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தர ஒண்ணுமே இல்ல."

நியாயம்தானே? நானும் மெர்வும் அவன் வண்டியில் ஊரெல்லாம் சுற்றினோம். ஓரெஸ்ட் முதியோர் இல்லத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். "பெஞ்சுல உக்காந்தா ஆடலைன்னு அர்த்தமா? கோச் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்ல?" என்று ஐம்பது வருடத்துக்கு முந்தைய கோபத்தை எங்கள்மேல் கொட்டினார். கார்த் நிம்சுக், "அந்த சொந்த கோல்தான் என் பிள்ளைங்களுக்கு நான் விட்டுட்டுப் போற சொத்து" என்று கண்கலங்கினான். எல்மர் இறந்துவிட்டார், அவர் மகன் நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்கச் சொன்னான். பாதிரியார் ஆழ்ந்து யோசித்தார். தன் எண்ணைத் தர மனம் இருப்பதாகவும், ஆனால் நோன்பைத் தர தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்லி எங்களுக்குக் காபி கொடுத்தார்.

நாய்தான் எங்கள் கடைசி நம்பிக்கை. டச்சஸை வளர்த்த யூனிஸ் தீசன் எழுபது வயதைத் தாண்டியவர், சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"யூனிஸம்மா," என்றேன் நான். "டச்சஸ் போயி ரொம்ப நாளாச்சு."

"தெரியும். நான்தான் புதைச்சேன்."

"அதுக்கு இதெல்லாம் தெரியப்போறது இல்ல."

"நாய்ன்னு இளக்காரமா பேசறியா? உன்னோட மூணு வருஷத்துல ஒரு தடவையாவது ஒரு வட்டை வாயால பிடிச்சிருக்கியா நீ?"

"பிடிச்சேன். அதுலதான் அஞ்சு பல் போச்சு."

"டச்சஸுக்கு ஒரு பல்லும் போகல," என்றார் யூனிஸ். அதோடு பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் மெர்விடம் கேட்டேன், "உன் அஞ்சு?"

"அது... அது ஸ்கோர் பலகையில ஒட்டின விளம்பரத்துல இருக்குடா. கம்பெனி லோகோ மாதிரி ஆயிருச்சு," என்றான். வண்டியை எடுக்கும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. யாராவது கடைசி நேரத்தில் இறங்கி வருவார்கள் என்று ஊரே நம்பியது, ஆனால் எல்லாரும் அந்த யாராவது இன்னொருத்தர் என்றே நம்பினார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பனிமேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நான் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில் நின்றேன், அதன் பொத்தான் இப்போது சேரவில்லை. ஆர்லீன் தூக்கு வண்டியில் ஏறி, நேராக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேலே போனாள். கயிற்றை இழுத்தாள். பதினேழு விரிந்தது.

என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பிட்ஸ், பிட்ஸ் என்று தடுப்புப் பலகைகளைத் தட்டினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் வந்ததில்லை, ஆர்லீனுக்கும் இது தெரியும், அவளுக்கு வருத்தமில்லை.

கம்பளத்தைச் சுருட்டினார்கள். ஹார்ட்னல் ஓநாய்கள் வரிசையில் நின்றார்கள். நடுவர் எங்கள் பக்கம் எண்ண ஆரம்பித்தார். கடைசியில் கோல்பி ராட்கே என்ற பையன் நின்றான். வடக்கே லா ரோஞ்சிலிருந்து வந்து இங்கே ஒரு வீட்டில் தங்கி ஆடுகிறவன். அவன் முதுகில் ஒன்றும் இல்லை, வெறும் துணி.

"உன் நம்பர் எங்கப்பா?" என்றார் நடுவர்.

கோல்பி கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினான்.

நடுவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். விசிலை ஊதி, ஆட்டம் ஹார்ட்னலுக்கு என்றார். அப்போதும் எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், நிறுத்தத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல் பனியை மெழுகினேன். பயிற்சி இல்லை என்று காடி சொல்லியிருந்தார். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பையன்கள் பனியைக் கீறிக் கிளறிப் போடுவதையும், நான் வண்டியில் உட்கார்ந்து அவர்களைத் திட்டுவதையும் தவிர அங்கே வேறொன்றும் நடந்ததில்லை. இப்போது தரை கண்ணாடிபோல் கிடந்தது. திட்ட ஆள் இல்லை. மேலே பதினேழு அழகாகத் தொங்கியது. கீழே ஒருவரும் இல்லாமல் அது எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது, தோன்றியதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பின்கதவு திறந்தது. கோல்பி தோள்பையோடு வந்தான்.

"சார், கொஞ்சம் ஆடிக்கலாமா? திங்கக்கிழமை பஸ்ல ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்."

"நேத்து உனக்கு என்மேல கோபம் இல்லையா?"

"எனக்கு இல்ல. எங்கப்பாவுக்குத்தான். ரேடியோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காரு. ரேடியோக்காரர் மத்தவங்க எல்லார் நம்பரையும் பேரையும் படிச்சாரு. நம்பர் இல்லாதவனைப் படிக்கத் தெரியல அவருக்கு. 'இன்னொரு பையனும் இருக்கான்'னு சொன்னாராம்." அவன் சறுக்குக் காலணியின் கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்கினான். "எங்கப்பா போன்ல கேக்கறாரு, 'டேய், அந்த இன்னொரு பையன் நீதானா?'ன்னு."

அவன் இறங்கி ஒரு சுற்றுப் போனான். நான் மெழுகிய தரை நாசமாயிற்று. "காலைத் தூக்கி வைடா, லாடம் அடிச்ச மாடு மாதிரி ஓடறியே!" என்று கத்தினேன். கத்தியதும் உடம்பு சரியானது.

ஞாயிறு மதியம், இரண்டாவது ஆட்டம். பாதிக் கூட்டம்தான், துக்க வீட்டுக்கு வந்ததுபோல் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஆர்லீனிடம் சாவியை வாங்கி, நானே தூக்கு வண்டியில் ஏறினேன். முடிச்சை அவிழ்த்தேன். அவள் போட்ட முடிச்சு, லேசில் வரவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து கோல்பியின் தலைவழியாக மாட்டிவிட்டேன். கம்பளிச் சட்டை, அவனுக்கு முழங்கால்வரை வந்தது.

"அரிக்குது சார்," என்றான்.

"அரிக்கும். ஆடு," என்றேன்.

ரேடியோக்காரர் அவன் பெயரை மூன்று தடவை சொன்னார். வெள்ளிக்கிழமையைவிடப் பெரிதாக அன்றைக்குத்தான் கைதட்டினார்கள். ஆட்டத்தில் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கதை இதோடு முடிந்தால் எங்கள் ஊர் வேறு ஊராக இருக்க வேண்டும். வசந்தத்தில் கமிட்டி கூடியது. மெர்வ் எழுந்து நின்றான்.

"அணியைக் காப்பாத்த முதுகுச் சட்டையைக் கழட்டிக் குடுத்தான் ஒருத்தன். நம்ம வரலாற்றுல அப்படி யாரும் செஞ்சதில்ல. நானே செய்யல. இவனைக் கௌரவிக்காம விட்டா நாம மனுசங்களே இல்ல."

"எப்படிக் கௌரவிக்கறது?" என்றார் காடி. அவருக்கு விடை தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துவிட்டது.

"பதினேழை மேல ஏத்தி."

காடி தலையை மேசைமேல் வைத்துக்கொண்டார். மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள்.

"அப்ப மறுபடி ஒரு நம்பர் குறையுமே," என்றேன்.

"குறையட்டும். நீதான் பெரிய மனசு பண்ணி ஞாயித்துக்கிழமை இறக்கிடுவியே," என்றான் மெர்வ்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். சீசனின் முதல் வெள்ளிக்கிழமை என் சட்டை ஏறும், ஊர் கைதட்டும், நடுவர் எண்ணிப் பார்த்துவிட்டு விசில் ஊதுவார். அந்த வெள்ளிக்கிழமை விருந்தாளியாக வரும் அணிக்கு ஆடாமலே வெற்றி என்பதால் லீக்கில் அதற்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள், வருகிறவர்கள் எனக்குப் பூங்கொத்தோடு வருகிறார்கள். அந்த வருடத்துப் பதினேழாம் எண்காரன் வெறும் முதுகோடு நின்று கூரையைக் காட்டுவான். "இன்னொரு பையனும் இருக்கான்" என்று ரேடியோக்காரர் சொல்ல, லா ரோஞ்சுவரை எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஞாயிறு மதியம் நான் ஏறி இறக்குவேன். கூரையில் இருக்கும் மற்ற எழுபத்தொன்பதும் அசையவே இல்லை. டச்சஸுக்கு இந்த வருடம் யூனிஸம்மா புதுச் சட்டை தைத்திருக்கிறார்.

நடுவில் இருக்கும் சனிக்கிழமை எங்களுடையது. அன்றைக்கு அரங்கைப் பூட்டிவிடுவார்கள், சாவி என்னிடம். ஆர்லீன் உருளைக்கிழங்கு வைத்த பைரோகிக் கொழுக்கட்டை வேகவைத்து டப்பாவில் எடுத்துவருவாள். நடு வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, மெழுகிய பனியையும் அதற்கு மேலே என் எண்ணையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். இந்த வருடம் டப்பா காலியானதும் அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பவாவது போதுமாய்யா?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் போதும்," என்றேன்.